ரசிகர் ஓவியம்: வரைதலும் வண்ணமும்

நுழையும்முன்

விருப்பமான கதைமாந்தரின் படத்தைக் கண்டவுடன் அதனை நாமும் வரைந்து பார்க்க வேண்டும் என்னும் ஆவல் எழுவது இயல்பு. குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில் அவ்வாறு வரைந்து பார்க்காத மாணவரைக் காண்பது அரிது. அந்த ஆவலை முறையான ஓவியமாக வளர்த்தெடுப்பது எவ்வாறு? பிறர் படைத்த கதைமாந்தரை நாம் வரையும்போது அவ்வோவியத்தில் நமக்கு உரியது எது? இவ்விரு வினாக்களுக்கும் இப்பாடம் விடை தேடுகிறது.

ரசிகர் ஓவியம் என்பது யாது?

திரைப்படம், சித்திரக்கதை, கார்ட்டூன் தொடர், கணினி விளையாட்டு ஆகியவற்றில் வரும் கதைமாந்தரை, அவற்றில் ஈடுபாடு கொண்டோர் தம் கைவண்ணத்தில் வரைவதே ரசிகர் ஓவியம் ஆகும். அச்சிட்ட படத்தின் மீது மெல்லிய தாளை வைத்துக் கோடுகளை அப்படியே எடுத்தால் அது நகல். நகலெடுத்தல் கைக்குப் பயிற்சி தரும். எனினும், அதனை நம் ஓவியம் என்று கூற இயலாது. மூலக்கதையில் இல்லாத ஒரு சூழலில், மூலத்தின் இயல்பு கெடாமல் அக்கதைமாந்தரை நிறுத்திக் காட்டும்போதுதான் அது நம் படைப்பாகத் தொடங்குகிறது.

இதனை ஓர் எடுத்துக்காட்டின் வழியாகக் காண்போம். ஓவியர் பிராண் 1971ஆம் ஆண்டு 'லோட்போட்' என்னும் இந்தி இதழுக்காகப் படைத்த கதைமாந்தர் சாச்சா சௌத்ரி. 'சாச்சா' என்னும் இந்திச் சொல்லுக்குச் சிற்றப்பா என்பது பொருள். அவர் உடல் வலிமையால் அன்றி அறிவுக்கூர்மையால் சிக்கல்களைத் தீர்க்கும் முதியவர். அவருக்குத் துணையாக வருபவன் சாபு. அவன் வியாழன் கோளிலிருந்து வந்த மாபெரும் உருவத்தினன்.

சாச்சா சௌத்ரி பிறந்த காலத்தில் தில்லியில் மெட்ரோ ரயில் இல்லை. அது 2002ஆம் ஆண்டு டிசம்பரில்தான் ஓடத் தொடங்கியது. சாச்சா மெட்ரோ ரயிலில் ஏறி அமர்ந்துவிட்டார்; சாபுவோ கதவுக்குள் நுழைய முடியாமல் தலையை மட்டும் உள்ளே நீட்டுகிறான். இக்காட்சியை நாம் வரைவோம். கதைமாந்தர் இருவரும் பிராணுக்கு உரியோர். அவர்களை இக்கதவின் அருகே கொண்டுவந்து நிறுத்தியது நம் கற்பனை.

முதற்படி: உற்றுநோக்கல்

வரையத் தொடங்கும் முன் பார்க்கப் பழக வேண்டும். சாச்சா சௌத்ரியின் படங்கள் சிலவற்றை ஐந்து நிமிடம் உற்றுநோக்குக. பின்னர் அவற்றை மூடி வைத்துவிட்டு நினைவிலிருந்து வரைக. சிவப்புத் தலைப்பாகை நினைவுக்கு வரும். அடர்ந்த வெண்மீசையும் வரும். கைத்தடியும் கையில்லா மேலங்கியும் விடுபட்டிருக்கலாம். எவை விடுபட்டனவோ அவற்றை நாம் பார்த்தோமேயன்றிக் கவனிக்கவில்லை என்பது பொருள். மீண்டும் படத்தைத் திறந்து அவற்றை மட்டும் நோக்குக.

எந்த அடையாளத்தை நீக்கினால் அவர் சாச்சா சௌத்ரியாகத் தோன்றமாட்டார் என்று சிந்தித்துப் பட்டியலிடுக. அப்பட்டியலில் உள்ளவற்றை மாற்றாமல் காக்க வேண்டும். பிறவற்றை நம் விருப்பம்போல் அமைத்துக்கொள்ளலாம்.

இரண்டாம் படி: பென்சில் வரைவு

தீப்பெட்டி அளவுள்ள மூன்று கட்டங்களை வரைந்து, ஒரே காட்சியை மூன்று விதமாக அமைத்துப் பார்க்க. ஒன்றில் சாச்சா முன்னால் இருக்கட்டும். மற்றொன்றில் சாபுவின் முகம் கட்டத்தை நிறைக்கட்டும். மூன்றாவதில் பெட்டி முழுவதும் தெரியட்டும். சிறு கட்டத்தில் தெளிவாகத் தெரியாத காட்சி பெரிய தாளிலும் தெளிவாகத் தெரியாது. மூன்றனுள் சிறந்ததைத் தேர்ந்தெடுத்துப் பெரிய தாளில் மெல்லிய கோடுகளால் வரைக.

தலைக்கு ஒரு வட்டம், உடலுக்கு ஒரு நீள்வட்டம், கைகால்களுக்கு உருளைகள் எனத் தொடங்குதல் நலம். தலையின் உயரத்தை அளவுகோலாகக் கொண்டு, உடல் எத்தனை தலை உயரம் உடையது என்று மூலப்படத்தில் அளந்து அதே விகிதத்தைப் பின்பற்றுக. கண், மீசை போன்ற நுண்பகுதிகளை இறுதியில் வரைதல் வேண்டும். முகத்தை முதலில் முடித்துவிட்டால் அதனை அழிக்க மனம் வராது. உடல் தவறாக அமைந்தாலும் அத்தவற்றுடனேயே தொடர நேரிடும்.

பெரிய உருவத்தைப் பெரிதாக வரைந்தால் மட்டும் அதன் பேருருவம் புலப்படாது. அதனருகே நமக்கு அளவு தெரிந்த பொருள் ஒன்று இருத்தல் வேண்டும். இங்கு ரயிலின் கதவு அப்பணியைச் செய்கிறது. சாபுவின் முகம் கதவை நிறைத்து நிற்க, சாச்சா இருக்கையில் அமைதியாக அமர்ந்திருந்தால், எழுத்தின் துணையின்றியே நகைச்சுவை விளங்கிவிடும்.

மூன்றாம் படி: கோட்டோவியம்

பென்சில் கோடுகளின் மீது கருமைப் பேனாவால் இறுதிக் கோடுகளை வரைக. மையுலர்ந்த பின் பென்சில் கோடுகளை அழித்துவிடுக. முன்னால் உள்ளவற்றுக்குத் தடித்த கோடும் பின்னால் உள்ளவற்றுக்கு மெல்லிய கோடும் இடுவது ஆழத்தை உணர்த்தும். கோடுகளுக்கு இடையே சிறு இடைவெளியும் இல்லாதபடி பார்த்துக்கொள்க. கணினியில் ஒரு பகுதியை நிரப்பும்போது, அவ்விடைவெளி வழியே நிறம் படம் முழுவதும் பரவிவிடும்.

அடுத்து, சாளரத்தின் அருகே பகலொளியில் தாளை வைத்து, கைப்பேசியைத் தாளுக்கு நேராகப் பிடித்து ஒளிப்படம் எடுக்க. விலையுயர்ந்த வரைபலகை இல்லையே என்று வருந்த வேண்டியதில்லை. தாளில் வரைந்து சுட்டியால் வண்ணமிடுவோர் பலர் உள்ளனர்.

நான்காம் படி: கணினியும் அடுக்குகளும்

கட்டணமின்றிக் கிடைக்கும் ஓவிய மென்பொருள்களுள் கிரிட்டா குறிப்பிடத்தக்கது. சுவீடிய மொழியில் அப்பெயருக்கு வண்ணக்கோல் என்பது பொருள். ஏ4 தாளில் அங்குலத்திற்கு 300 புள்ளிகள் என்னும் அளவில் அச்சிட வேண்டுமெனில், 2480 புள்ளி அகலமும் 3508 புள்ளி உயரமும் கொண்ட கோப்பினை உருவாக்குக. சிறிய கோப்பில் வரைந்து பின்னர் பெரிதாக்கினால் கோடுகள் மங்கிவிடும்.

கணினி ஓவியத்தின் அடிப்படை, லேயர் எனப்படும் அடுக்கு ஆகும். ஒன்றன்மேல் ஒன்றாக வைத்த கண்ணாடித் தகடுகளைப் போன்றவை இவ்வடுக்குகள். ஒரு தகட்டில் செய்யும் பிழை மற்றொன்றைத் தொடாது. கோட்டோவியம் மேலடுக்கில் இருக்கட்டும். நிறங்கள் அதன் கீழுள்ள அடுக்குகளில் அமையட்டும்.

அவ்வாறாயின், மேலே உள்ள வெள்ளைத் தாள் கீழுள்ள நிறத்தை மறைக்காதா? இங்குதான் மல்டிப்ளை எனப்படும் பெருக்கல் முறை உதவுகிறது. இம்முறையில் கணினி மேலடுக்கின் மதிப்பையும் கீழடுக்கின் மதிப்பையும் பெருக்குகிறது. வெண்மையின் மதிப்பு 1; அதனால் பெருக்கினால் கீழுள்ள நிறம் மாறாது. கருமையின் மதிப்பு 0. அதனால் எதனைப் பெருக்கினாலும் கருமையே கிடைக்கும். ஆகவே, தாள் மறைந்து கோடு மட்டும் நிற்கிறது. ஒளிப்படத்தில் தாள் சற்றுச் சாம்பல் நிறமாகத் தெரிந்தால், முதலில் அதன் வெளிச்சத்தைக் கூட்டித் தூய வெண்மையாக்கிக்கொள்ள வேண்டும்.

ஐந்தாம் படி: தளநிறம், நிழல், ஒளி

திரையில் ஒவ்வொரு நிறமும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்றின் கலவை. ஒவ்வொன்றுக்கும் 256 நிலைகள் உண்டு. எனவே, மொத்தம் 1,67,77,216 நிறங்களை உருவாக்கலாம். அத்தனை நிறங்கள் கிடைக்கின்றன என்பதற்காக அனைத்தையும் பயன்படுத்த வேண்டியதில்லை. ஐந்தாறு நிறங்களைத் தேர்ந்துகொண்டாலே படம் ஒருமைப்பாடு பெறும்.

முதலில் நிழலோ ஒளியோ இல்லாத தளநிறத்தை நிரப்புக. தலைப்பாகை, முகம், உடை, ரயில்பெட்டி ஆகிய ஒவ்வொன்றுக்கும் தனி அடுக்கு வைத்துக்கொள்க. நிறத்தைக் கோட்டின் அடிவரை சற்று நீட்டினால், கோட்டின் ஓரத்தில் வெண்கீற்று தோன்றாது.

பின்னர் ஒளி எங்கிருந்து வருகிறது என்பதை முடிவு செய்க. இக்காட்சியில் அது பெட்டியின் கூரையிலிருந்து வருகிறது. ஆகவே, தலைப்பாகையின் மடிப்புகளுக்கு அடியிலும், மீசைக்குக் கீழும், மோவாயின் கீழும் நிழல் விழும். சாபுவின் முகம் கதவுக்குள் நீள்வதால் அதன்மீதும் அதே ஒளி படும். புருவத்தின் நிழல் கண்களின் மேல் விழும். நிழலுக்குக் கருமையைப் பயன்படுத்தினால் படம் அழுக்கேறியது போலாகும். சிவப்பின் நிழலுக்கு நீலம் கலந்த ஆழ்சிவப்பை இடுக. ஒளிபடும் இடங்களைச் சிறிதளவே காட்டுக. எல்லா இடமும் மின்னினால் எதுவும் மின்னாது.

இறுதியில் படத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பார்க்க. தலைப்பாகையும் பின்புலமும் ஒரே சாம்பல் நிறமாகத் தோன்றினால், வண்ணத்தில் வேறுபட்டிருந்தும் அவை ஒன்றிலிருந்து ஒன்று தெளிவாகப் பிரிந்து தெரியா. அப்போது பின்புலத்தை வெளிறச் செய்ய வேண்டும். அடுக்குகளுடன் கூடிய மூலக்கோப்பு ஒன்றையும், பிறருக்குக் காட்டப் பிஎன்ஜி வடிவக் கோப்பு ஒன்றையும் சேமித்து வைக்க.

யாருடைய ஓவியம்?

ஓவியம் முடிந்தபின் மூலையில் நம் பெயரை எழுதுகிறோம். அதனருகே மற்றொரு பெயரும் இடம்பெற வேண்டும்: 'சாச்சா சௌத்ரி, சாபு: படைத்தவர் பிராண்.'

இது வெறும் மரியாதை அன்று. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957இன்படி, ஓவியம் ஒன்றின் உரிமை, படைத்தவர் மறைந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டு முதல் 60 ஆண்டுகள் நீடிக்கும். பிராண் 2014ஆம் ஆண்டு மறைந்தார். அவர் வாழ்நாளில் வெளிவந்த அவருடைய ஓவியங்களின் உரிமை 2074ஆம் ஆண்டின் இறுதி வரை இருக்கும். தனிப்பட்ட பயன்பாட்டிற்கான நியாயமான கையாளலை அச்சட்டத்தின் 52ஆம் பிரிவு ஏற்கிறது. வீட்டில் வரைந்து பழகுவது வேறு; அதே படத்தைச் சட்டையில் அச்சிட்டு விற்பது வேறு. விற்பதற்கு உரிமையாளரின் இசைவு தேவை. தம் படைப்பு தம்முடையது என்று கூறிக்கொள்ளும் உரிமையைப் படைத்தவருக்கு 57ஆம் பிரிவு தனியே வழங்குகிறது.

இவ்வுரிமை நமக்கும் உண்டு. நாம் பல நாள் முயன்று வரைந்த ஓவியத்தை ஒருவர் எடுத்து, நம் பெயரை வெட்டிவிட்டுத் தம் பெயரை இட்டால் நம் உள்ளம் எவ்வாறு நோகும்! அந்நோவை உணர்ந்தவர் பிறருடைய பெயரை வெட்டமாட்டார். ஓவியர் ஒருவரின் கதைமாந்தரை வரையும்போது நாம் அவரிடம் பாடம் கேட்கிறோம். ஆசிரியரின் பெயரைச் சொல்வதால் மாணவரின் பெருமை குறைவதில்லை. கற்ற இடம் இன்னது என்பது விளங்கும்.

கற்பவை கற்றபின்

1. நகல், ரசிகர் ஓவியம் ஆகிய இரண்டிற்கும் உள்ள வேறுபாட்டை உம் சொற்களில் எழுதுக.
2. பெருக்கல் முறையில் வெள்ளைத் தாள் மறைவது ஏன்? விளக்குக.
3. உமக்கு விருப்பமான கதைமாந்தர் ஒருவரைத் தேர்ந்தெடுத்து, மாற்றக்கூடாத அடையாளங்களைப் பட்டியலிடுக. அவரை உம் ஊரின் ஓர் இடத்தில் நிறுத்தி வரைக. படைத்தவரின் பெயரைத் தேடியறிந்து ஓவியத்தின் அடியில் குறிப்பிடுக.