விமானி வெளிநாடு செல்லலாமா?

கடல் கடந்து பிழைப்பது தூத்துக்குடி மக்களுக்குப் புதிய செய்தி அன்று. தோணி ஏறிக் கொழும்புக்குச் சென்று வந்தவர்களின் கதையைக் கேட்டு வளர்ந்தவன் நான். ஆனால் ஆகாயத்தில் பறந்து பிழைப்பது எங்கள் குடும்பத்துக்குப் புதிது. என் தங்கை மகன் சென்னையில் ஒரு விமான நிறுவனத்தில் துணை விமானியாக இருக்கிறான். சென்ற மாதம் வாகைக்குளம் விமான நிலையத்தில் வந்து இறங்கியவன், வீட்டுக்குள் நுழைந்ததும், "மாமா, வளைகுடா நாட்டு நிறுவனம் ஒன்று அழைக்கிறது. போகட்டுமா?" என்று கேட்டான்.

அவனுடைய பயிற்சிக்காக என் தங்கை வீட்டுப் பத்திரத்தை வங்கியில் அடகு வைத்திருக்கிறாள். ஆகவே, அது அவன் ஒருவனுடைய கேள்வி அன்று. நானோ துறைமுகத்தில் கணக்கெழுதி ஓய்வு பெற்றவன். எனினும், அவனிடம் கேட்டும் படித்தும் நான் தெளிந்தவற்றைக் கூறினால், இதே கேள்வியை எதிர்நோக்கும் குடும்பங்களுக்குப் பயன்படலாம் அன்றோ?

முதலில், அயல்நாட்டுக்கு உடன் வருவது எது, வராதது எது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். பறந்த மணிக்கணக்கு உடன் வரும். நம் நாட்டில் வணிக விமானி உரிமம் பெற 200 மணி நேரமும், விமானத்தின் தலைமையை ஏற்கும் காப்டனுக்குரிய உயர் உரிமம் பெற 1,500 மணி நேரமும் பறந்திருக்க வேண்டும். அந்த அனுபவம் எங்கு சென்றாலும் கூட வரும். உரிமத்தின் நிலை வேறு. ஒரு விமானம் எந்த நாட்டில் பதிவாகி இருக்கிறதோ, அந்த நாடு வழங்கிய அல்லது ஏற்றுக்கொண்ட உரிமமே அதன் விமானியிடம் இருக்க வேண்டும் என்பது, 1944 டிசம்பரில் சிகாகோவில் கையெழுத்தான உடன்படிக்கையின் விதி. விமானத்தின் மீது எழுதியுள்ள பதிவெழுத்துகளைக் கவனித்தால் இது விளங்கும். இந்திய விமானமாயின் அவை 'வி.டி.' என்று தொடங்கும். ஐக்கிய அரபு நாட்டு விமானமாயின் 'ஏ 6', கத்தார் நாட்டு விமானமாயின் 'ஏ 7' என்று தொடங்கும். எழுத்து மாறினால், அந்நாட்டின் விதிப்படி உரிமத்தையும் மாற்றிக்கொள்ள வேண்டும். இது உழைப்பால் முடியக்கூடிய காரியம்.

உடன் வராதது பணிமூப்பு. பெரும்பாலான நிறுவனங்களில், சேர்ந்த நாளே ஒருவருடைய இடத்தை முடிவு செய்கிறது. காப்டன் பதவி யாருக்கு முந்தும், பண்டிகை நாளில் விடுப்பு யாருக்குக் கிடைக்கும், ஆட்குறைப்பு வந்தால் யார் முதலில் வெளியேறுவர் என்பனவெல்லாம் அந்த வரிசையைப் பொறுத்தவை. எங்கள் பிள்ளைக்கு இங்கே இன்னும் இரண்டு ஆண்டுகளில் காப்டன் பதவி வரக்கூடும். அங்கே அவன் வரிசையின் கடைசியில் போய் நிற்க வேண்டும்.

ஊதியம் பெரிதுதான், அதை மறைக்கக் கூடாது. ஐக்கிய அரபு நாடுகளில் ஊதியத்துக்கு வருமான வரியும் இல்லை. ஆனால் அங்கே குடியிருக்கும் அனுமதி வேலையோடு கட்டுண்டது. வேலை போய், வேறு வேலை கிடைக்காவிட்டால், குறித்த காலத்துக்குள் குடும்பத்தோடு புறப்பட வேண்டியதுதான். 2020 ஆம் ஆண்டுப் பெருந்தொற்றின்போது, செல்வம் மிகுந்த வளைகுடா நிறுவனங்களே விமானிகளைப் பணியிலிருந்து விலக்கின. அதற்காக உள்நாடே பாதுகாப்பு என்றும் சொல்வதற்கில்லை. கிங்பிஷர் 2012 இலும் ஜெட் ஏர்வேஸ் 2019 இலும் பறப்பதை நிறுத்தியபோது, ஊதிய பாக்கியோடு நின்ற விமானிகள் பலர்.

இவ்விடத்தில் எங்கள் கரையின் பழைய தொழிலொன்று நினைவுக்கு வருகிறது. இலங்கையில் மறிச்சுக்கட்டியை அடுத்த கடலில் 1905 ஆம் ஆண்டில் பெரிய முத்துக்குளிப்பு நடந்தது. கீழக்கரை முதலிய நம் கரையோர ஊர்களிலிருந்து குளியாட்கள் அங்கே சென்றார்கள். எடுத்த சிப்பியில் மூன்றில் ஒரு பங்கு அவர்களுக்குக் கூலி. பங்கை வாங்கிக்கொண்டு, பருவம் முடிந்ததும் ஊர் திரும்பினார்கள். தூத்துக்குடிப் பார்களிலோ 1961 ஆம் ஆண்டோடு முத்துக்குளிப்பே நின்று போயிற்று. குளித்தவர்களின் திறமை குறையவில்லை. கடலில் சிப்பி குறைந்தது. தொழிலாளியின் குற்றம் ஏதுமின்றியே ஒரு தொழில் ஓய்ந்து போகலாம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

கடலுக்குள் இறங்குபவன் எத்தனை வல்லவனாயினும், மேலே தோணியில் கயிறு பிடிப்பவனை நம்பியே மூச்சடக்குகிறான். ஆகவே அந்தக் கயிற்றை மனைவியின் உடன்பிறந்தானிடமே கொடுப்பார்கள் என்று எங்கள் ஊரில் சொல்வதுண்டு. தன் உடன்பிறந்தாளின் தாலி அந்தக் கயிற்றில் தொங்குகிறது என்பதை அவன் மறப்பானா?

வெளிநாட்டுக்குப் புறப்படும் விமானியும் இதையே கேட்க வேண்டும்: "கயிறு யார் கையில்?" நான் மருமகனிடம் மூன்று கேள்விகளை எழுதிக் கொடுத்தேன். ஆண்டுதோறும் நடக்கும் மருத்துவச் சோதனையில் ஒருநாள் தவறிவிட்டால் நிறுவனம் என்ன தரும்? பயிற்சிச் செலவுக்காக எழுதி வாங்கும் ஒப்பந்தம் எத்தனை ஆண்டுக்கு? இடையில் நிறுவனமே விலக்கினாலும் அந்தத் தொகையைக் கட்ட வேண்டுமா?

முதல் இரண்டுக்கும் பதில் வந்துவிட்டது. மூன்றாவதற்கு இன்னும் வரவில்லை. "வட்டி காத்திராதே, மாமா!" என்கிறான் பிள்ளை. அவன் சொல்வதும் நியாயமே. அதுவரை பேசாதிருந்த என் தங்கை, "பத்திரம் இரண்டு வருஷம் கழித்தே வரட்டும், நீ காப்டனாகி விட்டுப் போ" என்றாள்.

என் கருத்தும் அதுவே. காப்டனாகப் பறந்த மணிக்கணக்கு கையில் இருந்தால், அங்கே வேலை போனாலும் இங்கே திரும்பி வந்து நிற்க ஓரிடம் கிடைக்கும். போகவேண்டாம் என்று நான் எவரையும் தடுக்கவில்லை. கடலோரத்தில் பிறந்தவன் அப்படிச் சொல்லவும் மாட்டான். கயிற்றை இழுத்துப் பார்த்து, அது உறுதியாக இருக்கிறது என்று அறிந்தபின் இறங்குங்கள் என்றே சொல்கிறேன்.