சேப்பாக்கம் மறவாத விசுவநாத்

டயாலிசிஸ் பிரிவில் நான்கு மணி நேரம் என்பது மிக நீண்ட பொழுது. ஊசி பொருத்திய கையை அசைக்க இயலாது. பக்கத்துக் கட்டிலில் இருப்பவரோடு பேசலாம். இல்லையேல் சுவரில் மாட்டிய தொலைக்காட்சியைப் பார்க்கலாம். அதில் கிரிக்கெட் ஓடிக்கொண்டிருந்தால் இரண்டும் ஒருசேர நடக்கும். அண்மையில் ஒரு பிற்பகலில் அவ்வாறுதான் நடந்தது. நடுவர் கொடுத்த தீர்ப்பை மூன்றாம் நடுவர் திரையில் பார்த்து மாற்றினார். உடனே, கேளம்பாக்கம் உப்பளங்களை ஒட்டிய சிற்றூர் ஒன்றிலிருந்து வாரம் மூன்று முறை இங்கு வரும் பெரியவர், "இந்தக் கருவியெல்லாம் இல்லாத காலத்திலேயே எங்கள் விசுவநாத் இதைச் செய்தார்" என்றார். தம் பெயரைக் குறிப்பிட வேண்டாம் என்ற நிபந்தனையோடு அவர் சொன்னவற்றையும், அவற்றின் பின்னணியாக ஆட்டப் பதிவுகள் கூறுவனவற்றையும் சேர்த்து இங்குத் தருகிறோம்.

குண்டப்பா விசுவநாத் கர்நாடகக்காரர். 1949இல் பத்ராவதியில் பிறந்தவர். குள்ளமான உருவம். 1969இல் கான்பூரில் ஆஸ்திரேலியாவுக்கு எதிரான தமது முதல் டெஸ்ட் ஆட்டத்தில், முதல் இன்னிங்ஸில் ஓட்டம் எதுவும் எடுக்காமல் வெளியேறினார். இரண்டாம் இன்னிங்ஸில் 137 எடுத்தார். மொத்தம் 91 டெஸ்டுகள், 6,080 ஓட்டங்கள், 14 சதங்கள். அவர் சதம் அடித்த எந்த டெஸ்டிலும் இந்தியா தோற்றதில்லை. ஆயினும் சென்னை நகரம் அவரைத் தன் பிள்ளையாக வரித்துக்கொண்டது ஒரு சதத்தினால் அன்று. சதம் ஆகாமல் போன ஓர் ஆட்டத்தினால்.

1975 ஜனவரி 11, சனிக்கிழமை. பொங்கலை ஒட்டிச் சேப்பாக்கத்தில் மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிரான நான்காம் டெஸ்ட். ஆண்டி ராபர்ட்ஸின் வேகத்துக்கு முன் இந்திய மட்டையாளர்கள் வரிசையாகச் சரிந்தனர். அவர் 64 ஓட்டங்கள் கொடுத்து 7 விக்கெட்டுகளை வீழ்த்தினார். ஒரு முனையில் விசுவநாத் மட்டும் நின்றார். அணியின் மொத்த ஓட்டம் 190. அதில் அவருடையது ஆட்டமிழக்காமல் 97. நம் பெரியவர் அப்போது மீசை அரும்பாத இளைஞர். தேநீர்க் கடை வாசலில் இருந்த வானொலிப் பெட்டியைச் சுற்றி, உப்பளத்திலிருந்து வந்தவர்களும் நின்று கேட்டார்களாம். கடைசி ஆட்டக்காரராக வந்தவர் சந்திரசேகர்.

சந்திரசேகரைப் பற்றி இங்கு ஒரு சொல் கூறியாக வேண்டும். சிறுவயதில் போலியோ தாக்கி அவருடைய வலக்கை மெலிந்துபோயிற்று. அந்த மெலிந்த கையாலேயே சுழற்பந்து வீசி 242 டெஸ்ட் விக்கெட்டுகளை எடுத்தவர் அவர். மட்டை பிடிப்பதோ அவருக்கு வராத கலை. வாழ்நாள் முழுவதும் டெஸ்டில் அவர் எடுத்த ஓட்டங்கள் 167தான், எடுத்த விக்கெட்டுகளைவிடக் குறைவு. அவர் ராபர்ட்ஸின் பந்தில் லாயிடிடம் பிடி கொடுத்து வெளியேறியபோது, விசுவநாத்துக்கு மூன்று ஓட்டங்கள் மீதமிருந்தன. தேநீர்க் கடையில் சந்திரசேகருக்குக் கிடைத்த வசவுகளைப் பெரியவர் சொல்லிச் சிரித்தார். அவற்றை அச்சிட இயலாது. விசுவநாத்தோ அந்த மூன்று ஓட்டங்களுக்காக நண்பரை ஒருபோதும் குறை கூறியவர் அல்லர். அணி வென்றதே, அது போதாதா என்பதே அவர் மனநிலை. ஆம், அந்த ஆட்டத்தை இந்தியா 100 ஓட்டங்கள் வித்தியாசத்தில் வென்றது. முதல் இரு டெஸ்டுகளையும் இழந்திருந்த அணி, கல்கத்தாவிலும் சென்னையிலும் வென்று தொடரைச் சமன் செய்தது. கடைசி டெஸ்டில் தோற்றது வேறு கதை.

இனி, அன்றைய விவாதத்துக்குக் காரணமான நிகழ்ச்சி. 1980 பிப்ரவரியில், இந்தியக் கிரிக்கெட் வாரியத்தின் பொன்விழாவை முன்னிட்டுப் பம்பாய் வான்கடே மைதானத்தில் இங்கிலாந்தோடு ஒரே ஒரு டெஸ்ட் நடந்தது. இந்தியாவின் தலைவர் விசுவநாத். (16ஆம் தேதி சூரிய கிரகணம் என்பதால் அன்றே ஓய்வு நாளாக வைத்துவிட்டார்கள். ஊரே கதவைச் சாத்திக்கொண்டிருந்த நாளில் ஆட்டத்தைப் பார்க்க யார் வரப்போகிறார்கள்?) இந்தியா 242 ஓட்டங்கள் எடுத்தது. இங்கிலாந்து 58 ஓட்டங்களுக்கு 5 விக்கெட்டுகளை இழந்து தவித்தது. அந்நிலையில் போத்தமும் விக்கெட் காப்பாளர் பாப் டெய்லரும் சேர்ந்து ஆடத் தொடங்கினர். கபில்தேவ் வீசிய ஒரு பந்துக்கு, டெய்லர் பின்னால் பிடி கொடுத்து ஆட்டமிழந்ததாக நடுவர் விரலை உயர்த்தினார். டெய்லர் தயங்கி நின்றார். முதல் ஸ்லிப்பில் நின்ற விசுவநாத்துக்குப் பந்து மட்டையில் படவில்லை என்பது உறுதியாகத் தெரிந்தது. நடுவரிடம் சென்று சொல்லித் தீர்ப்பை மாற்றச் செய்து, டெய்லரைத் தொடர்ந்து ஆட வைத்தார்.

டெய்லர் 43 ஓட்டங்கள் எடுத்தார், போத்தம் 114. இருவரும் சேர்ந்து 171. இங்கிலாந்து 296 எடுத்து முன்னிலை பெற்று, இறுதியில் பத்து விக்கெட் வித்தியாசத்தில் வென்றது. விசுவநாத் இந்தியாவுக்குத் தலைமை தாங்கியவை இரண்டே டெஸ்டுகள். இது இரண்டாவது, இதுவே கடைசி.

பெரியவரின் மகன் அருகில் நாற்காலியில் அமர்ந்திருந்தார். தகவல் தொழில்நுட்ப நிறுவனத்தில் பணி. அப்பாவின் டயாலிசிஸ் நாள்களில் மடிக்கணினியோடு இங்கு வந்துவிடுவார்.

"அப்பா, அவர் கூப்பிடாம இருந்திருந்தா நாம ஜெயிச்சிருப்போமே. எதிரணிக்கு நல்லவரா இருந்து, கூட ஆடின பத்துப் பேரைத் தோற்க வைக்கிறது என்ன நியாயம்?"

இந்தக் கேள்வியை எளிதில் ஒதுக்க முடியாது. விலை கொடுத்தவர் விசுவநாத் மட்டும் அல்லர், அணியும்தான். ஆனால் ஆட்டப் பதிவைப் பார்த்தால் முழுப் பழியையும் அந்த ஒரு முடிவின்மேல் சுமத்துவதும் சரியன்று. இரண்டாம் இன்னிங்ஸில் இந்தியா 149 ஓட்டங்களில் சுருண்டது. போத்தம் அந்த இன்னிங்ஸில் 7 விக்கெட், ஆட்டத்தில் 13 விக்கெட். டெய்லர் முன்பே வெளியேறியிருந்தாலும் போத்தமின் பந்துவீச்சு அங்கேயேதான் இருந்திருக்கும். பெரியவர் இந்தக் கணக்குக்குள் போகவில்லை. "அவருக்குத் தெரிஞ்சுபோச்சுடா. தெரிஞ்ச பிறகு எப்படிப் பேசாம நிக்கிறது?" என்று மட்டும் கேட்டார். மகன் பதில் சொல்லாமல் மடிக்கணினியைத் திறந்தார்.

பெரியவர் விசுவநாத்தை நேரில் கண்டது 1982 ஜனவரி 14, பொங்கலன்று. பண்டிகை நாளில் வீட்டில் இல்லாமல் எங்கே போகிறாய் என்று தாயார் திட்ட, அண்ணனோடு பேருந்தேறிச் சேப்பாக்கம் போயிருக்கிறார். இங்கிலாந்துக்கு எதிரான அந்த டெஸ்டின் இரண்டாம் நாள் முழுவதும் ஒரு விக்கெட்கூட விழவில்லை. விசுவநாத்தும் யஷ்பால் சர்மாவும் காலையிலிருந்து மாலை வரை ஆடினர். விசுவநாத் 222, யஷ்பால் 140 என்று அந்தக் கூட்டணி முடிந்தது மறுநாள்தான். விக்கெட்டே விழாத ஆட்டம் சலிக்கவில்லையா என்று செவிலியர் ஒருவர் கேட்டார். சலிப்பா! அந்த மணிக்கட்டின் திருப்பம், ஸ்கொயர் கட் அடித்தவுடன் பந்து எல்லைக்கோட்டை நோக்கி ஓடுவது, அண்ணன் எழுந்து நின்று கைதட்டியது ஆகியவற்றை அரை மணி நேரம் விவரித்தார். அண்ணன் இப்போது இல்லை.

சேப்பாக்கத்துப் பார்வையாளர்களைப் பற்றிப் பேசும்போது, 1999 ஜனவரியில் 12 ஓட்டங்களில் இந்தியாவை வென்ற பாகிஸ்தான் அணிக்கு அரங்கமே எழுந்து நின்று கைதட்டியதை எல்லோரும் சொல்வார்கள். அந்தப் பழக்கம் ஒரே நாளில் வந்திருக்காது. விசுவநாத்தைப் போன்றவர்களைப் பார்த்து வளர்ந்த கூட்டம் அது என்பது எம் எண்ணம்.

அன்று நான்கு மணி நேரம் முடிய இன்னும் சிறிது பொழுது இருந்தது. பெரியவருக்குக் காலில் தசைப்பிடிப்பு. இரண்டு டயாலிசிஸுக்கு இடையில் அவர் எடை மூன்றரைக் கிலோ கூடியிருந்தது. அத்தனை நீரையும் ஒரே அமர்வில் எடுக்கும்போது தசைப்பிடிப்பும் இரத்த அழுத்தக் குறைவும் வருவதுண்டு. காலையிலேயே மகன் தாயாரைத் தொலைபேசியில் அழைத்து, அப்பாவுக்குத் தண்ணீரை அளந்து கொடுக்கச் சொன்னேனே, ஏன் கவனிக்கவில்லை என்று கடிந்துகொண்டிருந்தார். தொழில்நுட்பர் நீர் எடுக்கும் வேகத்தைக் குறைத்தார். வலி சற்றுத் தணிந்ததும் பெரியவர் மகனைப் பார்த்தார்.

"அம்மா மேல தப்பு இல்லடா. அவ அளந்துதான் வைக்கிறா. ராத்திரி அவ தூங்கின பிறகு நான்தான் எழுந்துபோய்ப் பானையில மொண்டு குடிச்சேன். நேத்து மட்டும் இல்ல."

தொழில்நுட்பர் அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். மகன் சிறிது நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, தாயாரை அழைக்கத் தொலைபேசியை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.