பகிடியா, வதையா?

ஒருவரை அவமதிப்பதைக் குறிக்க மாணவிகளாகிய எங்கள் பேச்சில் எத்தனை சொற்கள் உள்ளன என்று எண்ணிப் பார்த்தேன். நக்கல், நையாண்டி, நெளிப்பு, கலாய்த்தல், காலை வாருதல், மட்டந்தட்டுதல், பட்டம் தெளித்தல், நோண்டியாக்குதல், பல்பு கொடுத்தல் என்று பட்டியல் நீண்டது.

இவை ஓரிடத்தில் பிறந்தவை அல்ல. நக்கலும் நையாண்டியும் தமிழில் நெடுங்காலமாக வழங்குபவை. கலாய்த்தலும் பல்பும் தமிழகத்துத் திரைப்படங்களும் தொலைக்காட்சியும் நம் வீட்டுக்குள் கொண்டுவந்தவை. நோண்டி, பைட் என்பன சிங்களப் பேச்சிலும் தாராளமாக வழங்குகின்றன. ‘அவளை பைட்டுக்கு எடுத்தோம்’ என்று சிரிக்கிறோம். மதுபானத்தோடு கொறிக்கும் தீனிக்கும் நம் நாட்டில் அதே பெயர்தான். ஒரு தோழியைக் கொறிக்கும் பொருளாக்கிவிடுகிறது அந்தச் சொல்.

இச்சொற்களின் இலக்கணத்தையும் கவனியுங்கள். ‘அவள் பல்பு வாங்கினாள்’, ‘அவள் நோண்டியாகிவிட்டாள்’, ‘அவளுடைய மூக்குடைந்தது’. இவற்றில் அவமானப்பட்டவள் இருக்கிறாள், அவமானப்படுத்தியவள் எங்கே? வாக்கியத்திலேயே இல்லை. ‘நான் அவளை அவமதித்தேன்’ என்று சொல்ல நமக்கு நாக் கூசும். ‘அவள் பல்பு வாங்கினாள்’ என்று சொல்லக் கூசுவதில்லை. செய்தவளை மறைத்து, பட்டவளையே குற்றவாளிபோலக் காட்டுவதுதான் இச்சொற்களின் தந்திரம். அவள் அழுதால், ‘பகிடிக்குத்தானே சொன்னோம்’ என்று முடித்துவிடுகிறோம்.

ஆனால் அந்தப் பகிடியோடு ‘வதை’ என்பதைச் சேர்த்து உண்மையைச் சொன்னதும் இலங்கைத் தமிழ்தான். தமிழகத்தில் ‘ராகிங்’ என்றே பெரும்பாலும் சொல்வதை நாம் ‘பகிடிவதை’ என்கிறோம். சிரிப்புக்குள் இருக்கும் வலி அந்தப் பெயரிலேயே தெரிகிறது. கல்வி நிறுவனங்களில் பகிடிவதையை 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் தடைசெய்கிறது.

நமது மார்க்கம் இதை முன்பே கண்டித்துவிட்டது. திருக்குர்ஆனின் 49ஆவது அத்தியாயமான அல்ஹுஜுராத்தின் 11ஆவது வசனம், ஒரு கூட்டத்தார் மற்றொரு கூட்டத்தாரைப் பரிகசிப்பதையும், குறை கூறுவதையும், பட்டப்பெயர் சூட்டி அழைப்பதையும் தடுக்கிறது. பொதுவாகச் சொன்னதோடு நில்லாமல், பெண்களும் பெண்களைப் பரிகசிக்கக் கூடாது எனத் தனியாகவும் குறிப்பிடுகிறது. பரிகசிக்கப்படுபவர் பரிகசிப்பவரைவிடச் சிறந்தவராக இருக்கலாம் என்பது அங்கு கூறப்படும் காரணம். விளையாட்டுக்காகக்கூட ஒருவரை இகழ்வது துன்பம் தரும் என்று வள்ளுவரும் பண்புடைமை அதிகாரத்தில் கூறுகிறார்.

அப்படியானால் சிரிக்கவே கூடாதா? தாராளமாகச் சிரிக்கலாம். சொல்லப்பட்டவளும் மனந்திறந்து சேர்ந்து சிரித்தால் அது பகிடி. அவள் தலைகுனிந்திருக்க மற்றவர்கள் மட்டும் சிரித்தால் அது வதை. அப்போது அருகில் இருப்பவள் சிரிக்காமல் இருந்தாலே அந்த வதை பாதி ஓய்ந்துவிடும்.

உம்மா, வாப்பாமாரிடமும் ஒரு வேண்டுகோள். பாடசாலையால் வந்த மகள் ‘இன்டைக்கு நான் நோண்டியாகிட்டேன்’ என்று சொன்னால் சிரித்து விட்டுவிடாதீர்கள். ‘யார், என்ன சொன்னாங்க மகள்?’ என்று கேளுங்கள். வாக்கியத்தில் மறைந்திருப்பவள் அப்போதுதான் வெளியே வருவாள். மகள் ‘இன்டைக்கு ஒருத்திய நல்லா பைட்டுக்கு எடுத்தோம்’ என்று சொன்னாலும் அதே அக்கறையோடு கேளுங்கள்.