அறிவுசார் மாற்றுத்திறனாளிகளின் தவிர்க்கக்கூடிய மரணங்கள்: குடும்பங்கள் முன்கூட்டியே செய்துவைக்க வேண்டியவை

அறிவுசார் குறைபாடோ ஆட்டிசமோ உள்ள ஒருவர் இளவயதில் இறந்துவிட்டால், "அந்தப் பிள்ளைக்கு ஆயுசு அவ்வளவுதான்" என்று சொல்லி அடக்கம் செய்துவிடும் வழக்கம் கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் சின்னசேலம் வட்டாரத்திலும், கல்வராயன் மலைக்கிராமங்களிலும், படித்தவர்கள் நிறைந்த நகரங்களிலும் ஒன்றுபோலவே நிலவுகிறது. எந்த நோயால் இறந்தார் என்று குடும்பத்தார் கேட்பதில்லை. கேட்காதவர்களுக்கு மருத்துவமனை விளக்குவதும் இல்லை. புரிந்துகொள்ளுதல், கற்றல், அன்றாட வேலைகளைத் தானே செய்தல் ஆகியவற்றில் சிறுவயதிலிருந்தே காணப்படும் மட்டுப்பாட்டைக் குறிக்கும் அறிவுசார் குறைபாடும், பிறரோடு பேசிப் பழகுவதிலும் ஒலி, ஒளி, தொடுகை போன்றவற்றைத் தாங்கிக்கொள்வதிலும் வேறுபாடு காட்டும் ஆட்டிசமும் தம்மளவில் உயிரைப் பறிக்கும் நோய்கள் அல்ல. நிமோனியா, கட்டுப்படுத்தப்படாத வலிப்பு, முற்றிய மலச்சிக்கல், கவனிக்கப்படாத இதயக் கோளாறு எனச் சிகிச்சை உள்ள நோய்களே இவர்களைப் பெரும்பாலும் கொண்டுபோகின்றன.

இங்கிலாந்தில் இத்தகையோரின் மரணங்களை ஆராய்வதற்கென்றே 'லெடர்' என்னும் திட்டம் நடைபெறுகிறது. 2021ஆம் ஆண்டின் மரணங்களை ஆராய்ந்த அதன் அறிக்கை, அறிவுசார் குறைபாடு உள்ளோரின் மரணங்களில் 49 விழுக்காடு தவிர்த்திருக்கக்கூடியவை என்றும், பொதுமக்களிடையே அந்த அளவு 22 விழுக்காடு என்றும் கூறியது. வசதி நிறைந்த நாட்டிலேயே நிலைமை இதுவென்றால், கல்வராயன் மலையிலுள்ள வெள்ளிமலையிலிருந்து மலைப்பாதையில் இறங்கிக் கள்ளக்குறிச்சிக்கு வந்தாக வேண்டிய குடும்பத்தின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை. இந்தியாவில் இத்தகைய தொடர் ஆய்வு இல்லை. 2011ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு தமிழ்நாட்டில் ஏறத்தாழ 1 லட்சம் பேரை அறிவுசார் குறைபாடு உள்ளோராகப் பதிவுசெய்தது. ஆட்டிசத்திற்கு அதில் தனிப் பிரிவே இல்லை.

மருத்துவர்கள் செய்யும் முதற்பெரும் தவறு, புதிதாகத் தோன்றும் நோய்க்குறியைப் பழைய குறைபாட்டின் கணக்கில் எழுதிவிடுவது. பேச்சு வராத ஒரு சிறுவன் திடீரென்று தலையைச் சுவரில் மோதிக்கொள்ளத் தொடங்கினால், அவன் காதில் சீழ் கட்டியிருக்கலாம், கடைவாய்ப்பல் சொத்தையாகி வலிக்கலாம், பல நாள் மலம் கழியாமல் வயிறு இறுகியிருக்கலாம். காதுக்குள் விளக்கடித்துப் பார்ப்பதற்கும் வயிற்றை அழுத்திப் பார்ப்பதற்கும் ஐந்து நிமிடம் போதும். அதைச் செய்யாமல் "இந்தப் பிள்ளைகள் இப்படித்தான்" என்று தூக்க மருந்து எழுதி அனுப்புவது அலட்சியமே தவிர வேறல்ல. உணவு, உறக்கம், நடத்தை ஆகியவற்றில் திடீர் மாற்றம் கண்டால், வேறு காரணம் நிரூபணமாகும் வரை அதை உடல்நோயின் அடையாளமாகவே கொள்ள வேண்டும் என்பதைப் பெற்றோர் மருத்துவரிடம் வலியுறுத்திச் சொல்லலாம், சொல்லியாக வேண்டும்.

வீட்டில் நிகழும் தவறுகளும் குறைந்தவை அல்ல. விழுங்குவதில் சிரமம் உள்ள பிள்ளையை மடியில் மல்லாத்திக் கஞ்சியோ பாலோ ஊட்டும்போது, அது உணவுக்குழாய்க்குப் போகாமல் மூச்சுக்குழாய்க்குள் இறங்கி நுரையீரலில் சளியும் சீழும் சேரக் காரணமாகலாம். புரையேறுவதால் வரும் இந்த நிமோனியா இவர்களிடையே முக்கியமான மரணக் காரணங்களுள் ஒன்று. பிள்ளையை நிமிர்த்தி உட்காரவைத்து, தலை பின்னுக்குச் சாயாமல் தாங்கி, சிறு கரண்டியால் கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டி, உண்டபின் அரைமணி நேரமாவது படுக்கவிடாமல் வைத்திருக்க வேண்டும். சாப்பிடும்போதெல்லாம் இருமல் வந்தால் அதைச் சாதாரணச் சளி என்று விட்டுவிடலாகாது. படுக்கவைத்து ஊட்டவே கூடாது.

வலிப்பு வந்தவரின் கையில் சாவிக்கொத்தைத் திணிப்பதும், பற்களுக்கிடையே கரண்டியைச் செருகுவதும், வாயில் தண்ணீர் ஊற்றுவதும் இன்றளவும் நின்றபாடில்லை. இரும்பு வலிப்பை நிறுத்தாது; ஊற்றிய தண்ணீர் நுரையீரலுக்குள் போய் உயிரையே வாங்கிவிடலாம். ஒருக்களித்துப் படுக்கவைத்து, கடிகாரத்தைப் பார்த்து, ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் 108 அவசர ஊர்தியை அழைக்க வேண்டும். சில மாதம் வலிப்பு வரவில்லை என்பதற்காகவோ, பெற்றோர் பிழைப்புக்காக வெளியூர் போயிருக்கையில் மாத்திரை தீர்ந்துவிட்டது என்பதற்காகவோ வலிப்பு மருந்தைச் சட்டென்று நிறுத்தினால், அடங்காத தொடர்வலிப்பு ஏற்படலாம். மாத்திரை தீர்வதற்கு ஒரு வாரம் முன்பே அடுத்த மாதத்திற்கானதை வாங்கிவிட வேண்டும். மருத்துவர் சொல்லாமல் ஒரு நாள்கூட நிறுத்தக் கூடாது.

இனி, காகிதங்கள். நோய் வந்தபின் இவற்றைத் தேடி அலைவதில் பயனில்லை என்பதால், பிள்ளை நலமாக இருக்கும்போதே செய்து முடிக்க வேண்டும். முதலாவது, யூடிஐடி எனப்படும் தனித்துவ மாற்றுத்திறனாளி அடையாள அட்டையும் மருத்துவச் சான்றும். இதற்கு இணையம் வழியாக விண்ணப்பித்து, ஆதார், முகவரிச் சான்று, புகைப்படம் ஆகியவற்றுடன் மருத்துவக் குழுவின் முன் பிள்ளையை நேரில் காட்ட வேண்டும். இக்குழுவின் முகாம் எந்த நாளில், எங்கு நடைபெறுகிறது என்பதைக் கள்ளக்குறிச்சியிலுள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேட்டறியலாம். சிறுவயதில் தரப்படும் சான்று தற்காலிகமானதாக இருக்கக்கூடும். அதில் அச்சிட்டுள்ள காலாவதித் தேதியைப் பாராமல் பெட்டியில் பூட்டிவைத்துவிட்டு, 18 வயதுக்குப் பின் உதவித்தொகை நின்றுபோனதும் பதறி ஓடிவருவோர் ஏராளம்.

இரண்டாவது, நிராமயா காப்பீடு. 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின்கீழ் ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகியவை உள்ளோருக்கு ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை இது உதவுகிறது. முன்பரிசோதனை இல்லை, வயது வரம்பும் இல்லை. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் பெரும்பாலும் மருத்துவமனையில் சேர்ந்து பெறும் சிகிச்சைக்கு உதவுவது என்றால், புறநோயாளிச் சிகிச்சை, மருந்து, பயிற்சிச் சிகிச்சை ஆகியவற்றுக்கும் நிராமயாவில் இடமுண்டு. அறக்கட்டளையில் பதிவுபெற்ற தொண்டு நிறுவனம் வழியாக விண்ணப்பிக்கலாம். ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். புதுப்பிக்காத அட்டை வெறும் காகிதம்.

மூன்றாவது, சட்டப்படியான பாதுகாவலர் ஆணை. 18 வயது நிறைந்தபின் பெற்றோர் தாமாகவே பாதுகாவலர் ஆகிவிடுவதில்லை என்பது பலருக்கும் தெரியாது. மேற்சொன்ன சட்டத்தின் 14ஆம் பிரிவின்படி, மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்நிலைக் குழு பாதுகாவலரை நியமிக்கிறது. எனினும் உயிருக்கு ஆபத்தான நெருக்கடியில் இந்த ஆணை இல்லை என்று சொல்லி எந்த மருத்துவமனையும் சிகிச்சையைத் தாமதிக்கக் கூடாது.

இவற்றோடு, பிள்ளை வலியை எப்படி வெளிப்படுத்தும், எந்த மருந்து எத்தனை மில்லிகிராம், எது ஒவ்வாது, எப்படி உண்ணும், எதைக் கண்டு மிரளும் என்பதை ஒரே தாளில் எழுதி அடையாள அட்டையோடு வைத்திருப்பது நன்று. தாய் உடன் இல்லாத இரவில் பணியிலிருக்கும் செவிலியருக்கு அந்தத் தாளே வாய்மொழி.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் 25ஆம் பிரிவு, மருத்துவமனையில் மாற்றுத்திறனாளிக்கு முன்னுரிமை தரப்பட வேண்டும் என்கிறது. கூட்டத்தையும் இரைச்சலையும் தாங்க முடியாத ஆட்டிசப் பிள்ளையை வரிசையில் மூன்று மணி நேரம் நிறுத்திவைத்து, அது கத்தியதும் "வெளியே கூட்டிப் போங்கள்" என்று விரட்டுவது இச்சட்டத்துக்கு முரணானது. முன்னுரிமையோ சிகிச்சையோ மறுக்கப்பட்டால் தேதி, நேரம் குறித்து, அரசு மருத்துவமனையாயின் அதன் தலைமை மருத்துவரிடமும், தனியார் மருத்துவமனையாயின் மருத்துவப் பணிகள் இணை இயக்குநரிடமும் எழுத்துமூலம் புகார் தந்து, திங்கட்கிழமை ஆட்சியரகத்தில் நடைபெறும் குறைதீர்க்கும் நாளில் அதன் நகலைக் கொடுத்து ஒப்புகைச் சீட்டு பெற வேண்டும். அதற்கும் அசையாவிட்டால் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடம் முறையிடலாம். அவருடைய பரிந்துரைமேல் எடுத்த நடவடிக்கையைச் சம்பந்தப்பட்ட அலுவலகம் மூன்று மாதத்துக்குள் தெரிவித்தாக வேண்டும். வருமானம் எவ்வளவாக இருப்பினும் மாற்றுத்திறனாளிக்கு இலவசச் சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணில் கேட்கலாம். வாயால் சொன்ன புகார் புகாரே அல்ல. எழுதிக் கொடுத்து ஒப்புகை பெற வேண்டும் என்பதை எத்தனை முறை சொன்னாலும் தகும்.

மரணம் நேர்ந்துவிட்டாலும் கேள்வி முடிவதில்லை. 2002ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதிகளின்படி, சிகிச்சைப் பதிவேடுகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். மருத்துவர் தரும் சான்றில் மரணக் காரணம் என்ற இடத்தில் நோயின் பெயர் இருக்க வேண்டும். அங்கே 'மனவளர்ச்சிக் குறைபாடு' என்று மட்டும் எழுதியிருந்தால் குடும்பத்தார் அதை ஏற்காமல் விளக்கம் கேட்க வேண்டும்.

தமிழ்நாட்டில் பிரசவ கால மரணங்கள் மாவட்ட அளவில் தணிக்கை செய்யப்படுகின்றன. தாய்மார் இறப்பு குறைந்ததில் அதற்கும் பங்குண்டு. அறிவுசார் மாற்றுத்திறனாளிகளின் மரணங்களையும் அவ்வாறே ஆராயும்படி மாவட்ட நிர்வாகத்தைப் பெற்றோர் சங்கங்களும் ஊராட்சி மன்றங்களும் எழுத்துமூலம் கேட்க வேண்டும். கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் இதைத் தொடங்கப் புதுச் சட்டம் எதற்கும் காத்திருக்க வேண்டியதில்லை.