வயிறு நிறைந்த வேட்டைக்காரன்

வியாசர்பாடியிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். மொட்டைமாடியில் லாஃப்ட் எனும் புறாக்கூண்டு வைத்துப் பந்தயத்துக்கு ஹோமர் புறா வளர்ப்பவர். இப்போது ஒரு சிப்பிப்பாறை நாய்க்குட்டி வாங்க ஆசைப்படுகிறார். ‘வேளாவேளைக்கு வயிறு நிறையப் போட்டுவிட்டால் நாய் புறாவைத் தொடாது என்கிறார்கள் கூட்டாளிகள். நம்பலாமா?’ என்பது அவர் கேள்வி.

நம்பக் கூடாது. ஏன் என்பதுதான் சுவாரசியம்.

புறாப் பந்தயத்தைப் பற்றி வடசென்னைக்காரருக்கு நான் சொல்லித்தர ஒன்றுமில்லை. ‘மாரி’ படத்துக்குப் பிறகு மற்ற ஊர்க்காரர்களுக்கும் ஓரளவு தெரியும். நாயின் பக்கத்தை மட்டும் பார்ப்போம். சிப்பிப்பாறை, கன்னி ஆகிய நாட்டு நாய்கள் தெற்கத்திக் கரிசல் காட்டில் முயல் விரட்டுவதற்கென்றே தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி எடுக்கப்பட்டவை. மோப்பத்தைவிடக் கண்ணை நம்பி ஓடுகிற சாதி. அசையாமல் நிற்கும் புறா அந்தக் கண்ணுக்கு அவ்வளவு பொருட்டில்லை. சிறகைப் படபடவென்று அடித்துக்கொண்டு எழும் புறாவோ முயலுக்குச் சமம்.

வேட்டை என்று நாம் ஒற்றைச் சொல்லில் சொல்வது உண்மையில் ஒரு தொடர். தேடுவது, உற்றுப் பார்ப்பது, பதுங்கி நெருங்குவது, துரத்துவது, கவ்வுவது, கொல்லும் கடி, கிழிப்பது, கடைசியாகத் தின்பது. ஓநாயிடம் இது முழுதாக இருக்கிறது. நாய்களிடம் இதை மனிதன் வெட்டி ஒட்டியிருக்கிறான் என்பதை விரிவாக எழுதியவர் ரேமண்ட் காப்பிங்கர் என்ற அமெரிக்க உயிரியலாளர். ஆடு மேய்க்கும் பார்டர் கோலியிடம் உற்றுப் பார்ப்பதும் பதுங்குவதும் துரத்துவதும் மிகையாக வளர்க்கப்பட்டு, கடி அமுக்கப்பட்டிருக்கிறது. பாயிண்டர் பாதியிலேயே சிலையாக நின்றுவிடும். லாப்ரடார் கவ்வும், ஆனால் நசுக்காமல் கொண்டுவந்து கொடுக்கும். மந்தைக்குக் காவல் இருக்கும் நாய்களிடம் இந்தத் தொடரே மங்கிப்போயிருக்கிறது. அதனால்தான் அவை ஆட்டுக்குட்டிகளுக்கு நடுவில் படுத்துத் தூங்குகின்றன. நம் வேட்டை நாய்களிடம் துரத்தலும் கவ்வலும் உச்சத்தில் இருக்கின்றன.

இதில் என்னை விடாமல் பிடித்துக்கொண்ட விஷயம், ஒவ்வொரு கட்டமும் தன்னளவிலேயே நாய்க்கு இன்பம் என்பது. துரத்துவதற்குக் கூலி இரை அல்ல, துரத்தலேதான். பெரம்பூரில் சின்ன வயதில் அறுந்த காத்தாடி பின்னால் தெருத்தெருவாக ஓடியவன் நான். வீட்டுப் பரணில் புதுக் காத்தாடிகள் இருந்தன. கையில் சிக்குவது பெரும்பாலும் கிழிந்த காகிதம். அது வேண்டும் என்று யார் ஓடினார்கள்? மேலே ஒன்று தள்ளாடிப் போனது, கால் கிளம்பிவிட்டது. அவ்வளவுதான்.

பூனைகளை வைத்து இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். 1976-இல் வெளியான ஆடமெக் என்பவரின் ஆய்வில், சாப்பிட்டுக்கொண்டிருந்த பூனைகளின் முன்னால் எலியை விட்டார்கள். பூனைகள் சாப்பாட்டை விட்டு எழுந்து எலியைக் கொன்றன. பிறகு திரும்பி வந்து பழைய சாப்பாட்டையே தொடர்ந்தன. அதற்கு முன்பே, 1962-இல், வாஸ்மன், ஃபிளின் என்ற ஆய்வாளர்கள் பூனை மூளையின் ஹைப்போதலாமஸில் மின்தூண்டல் கொடுத்துப் பார்த்தபோது, ஓரிடத்தைத் தூண்டினால் சீற்றமும் உறுமலும் வந்தன. வேறோரிடத்தைத் தூண்டினால் சத்தமே இல்லாத வேட்டைக் கடி வந்தது. கோபம் வேறு, வேட்டை வேறு. நாயிடமும் இந்த வேறுபாட்டைக் கண்ணால் பார்க்கலாம். வாய் மூடிக்கொள்ளும், மூச்சிரைப்பு நிற்கும், காது முன்னால் திரும்பும், வால் அசையாது, ஒரு முன்னங்கால் தரையிலிருந்து அரை அங்குலம் எழும். உறுமல் கிடையாது. ‘நல்ல பிள்ளையாகச் சும்மாதானே நின்றது’ என்று பிறகு சொல்வார்கள். அந்தச் சும்மாதான் எச்சரிக்கை.

புறாவிடமும் ஒரு தந்திரம் உண்டு. பின்னாலிருந்து கவ்வினால் வால் இறகுகளைக் கொத்தாக உதிர்த்துவிட்டுப் பறந்துவிடும். நாய் வாயில் இறகு, புறா வானத்தில். உயிர் பிழைக்கும், ஆனால் வால் மறுபடி முளைக்கும்வரை பந்தயத்துக்கு ஆகாது.

இங்கே கொஞ்சம் கடிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. 2005-இல் ராஜபாளையம் நாய் அஞ்சல்தலையில் வந்ததிலிருந்து நாட்டு நாய் வைத்திருப்பது பெருமையாகிவிட்டது. நல்லதுதான். ஆனால் ஓடுவதற்கென்றே உருவான உடம்பை மூன்றடிச் சங்கிலியில், தகிக்கிற மாடியில், நாள் முழுக்க இறக்கை சத்தம் கேட்கும்படி கட்டிப்போடுவது வளர்ப்பா? பந்தயத்துக்கு ஆகாத புறாவை எடுத்துக் குட்டியிடம் போட்டு ‘பழக்குகிற’ கூட்டமும் இருக்கிறது. இரண்டு உயிர்களுக்கும் ஒரே நேரத்தில் செய்யும் கொடுமை அது. கடைசியில் பழி நாயின் தலையில் விழும். அடி வாங்கும், அல்லது தெருவில் விடப்படும்.

ஆசையை விட முடியாது என்றால், குட்டிக்கு மூன்று மாதம் ஆவதற்குள் புறாக்களைத் தினமும் வலைக்கு அந்தப்பக்கமிருந்து காட்டுங்கள். புறாவை விட்டு உங்களைத் திரும்பிப் பார்க்கும் ஒவ்வொரு தடவையும் தின்ன ஏதாவது கொடுங்கள். இது ஆர்வத்தைத் தணிக்கும், அழிக்காது. நடக்கிற புறாவை வருடக்கணக்காகச் சட்டை செய்யாத நாய், அடிபட்டுத் தரையில் துடிக்கிற ஒன்றை நொடியில் கவ்விவிடும். எனவே லாஃப்டுக்கு இரட்டைக் கதவு வையுங்கள். ஒன்றைச் சாத்திய பிறகே மற்றதைத் திறக்க வேண்டும். நாயும் புறாவும் மட்டும் தனியாக மாடியில் இருக்கவே கூடாது. காலையும் மாலையும் நாயை வெளியே கூட்டிப்போய் மூச்சு வாங்க ஓடவிடுங்கள்.

பந்தய நாளில் நாய் கீழ்வீட்டிலேயே இருக்கட்டும். நாக்பூரில் திறந்துவிட்ட பறவை ஏறக்குறைய 900 கிலோமீட்டர் பறந்து வீட்டுக்கு மேலே வந்தாலும், கூண்டுக்குள் நுழைந்தால்தான் நேரம் கணக்காகும். மாடியில் நாய் நிற்பதைக் கண்டால் எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் உட்கார்ந்துகொண்டு இறங்கவே இறங்காது. நாய் ஒரு இறகைக்கூடத் தொடாமலே உங்களைத் தோற்கடித்துவிடும்.

எல்லாவற்றையும் மீறி நாய் புறாவைக் கடித்துவிட்டால், ஊசி குத்தின மாதிரிச் சின்னக் காயம்தானே என்று மஞ்சளை அப்பிவிட்டு விடாதீர்கள். நாய், பூனை வாயில் சாதாரணமாகவே குடியிருக்கும் பாஸ்டுரெல்லா கிருமி, பார்வைக்கு நலமாகத் தெரியும் பறவையை ஓரிரு நாளில் கொன்றுவிடக்கூடும். குடித்த தண்ணீர் கழுத்துக்குக் கீழே கசிந்தால் தீனிப்பை கிழிந்திருக்கிறது என்று அர்த்தம். அதற்குத் தையல் வேண்டும். இரண்டில் எதுவானாலும் அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.