ஏறாத கோடு: ஆய்வுக்கூடமும் வணிகப் பத்திரிகையும்

வணிகப் பத்திரிகைகளின் மொழியைப் பற்றி எழுத எனக்கிருக்கும் தகுதி ஒன்றுதான். ஒன்பது வருஷம் ஒரு ரத்தப் பரிசோதனை லேப்பில் டெக்னீஷியனாக இருந்தேன். அந்தக் காலத்தில் எங்கள் லேப்பைப் பற்றி ஒரு வணிக இதழில் இரண்டு பக்கக் கட்டுரை வந்தது. எழுத வந்த இளைஞர் ஒரு முழு நாள் எங்களோடு இருந்தார். தினம் எத்தனை சாம்பிள், எத்தனை கிளை, முதல் மெஷின் வாங்க முதலாளி நகையை அடகு வைத்தாரா - எல்லாம் விசாரித்தார். கிளம்பும் நேரத்தில் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்த தாளைக் காட்டி, "இது என்ன சார்?" என்றார். "கன்ட்ரோல் சார்ட், தம்பி" என்று விளக்க ஆரம்பித்தேன். இரண்டு நிமிஷத்தில் அவர் கண் வேறெங்கோ போய்விட்டது. "இதெல்லாம் வாசகருக்குப் புரியாது சார். விட்டுருவோம்" என்றார்.

விட்டதை இங்கே எடுத்துக்கொள்கிறேன். வணிகப் பத்திரிகை எதைப் பார்க்கிறது, எதைப் பார்க்க அதன் மொழியில் இடமே இல்லை என்பதெல்லாம் அந்தத் தாளில் அடங்கியிருப்பதாக எனக்குத் தோன்றுகிறது.

காலையில் நோயாளிகளின் ரத்தத்தை மெஷினில் ஏற்றுவதற்கு முன், அளவு ஏற்கெனவே தெரிந்த ஒரு சீரத்தை ஓட்டிப் பார்க்க வேண்டும். அதுதான் கன்ட்ரோல். அதில் குளுக்கோஸ் 100 என்று நமக்குத் தெரியும். மெஷின் இன்றைக்கு 98 என்கிறதா, 103 என்கிறதா, 120 என்கிறதா? வந்த எண்ணைத் தாளில் ஒரு புள்ளியாக வைக்கிறோம். நடுவே சராசரிக் கோடு, அதற்கு மேலும் கீழும் எல்லைக்கோடுகள். வால்டர் ஷூஹார்ட் 1924இல் அமெரிக்காவின் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் தொலைபேசித் தொழிற்சாலைக்காக வரைந்து கொடுத்த நிர்வாகக் கருவி இது. லீவி, ஜென்னிங்ஸ் என்ற இருவர் 1950இல் இதை மருத்துவ ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுவந்தார்கள். ஆக, 'லேப் நிர்வாகம்' என்ற சொல்லுக்கு ஆதிப் பொருள் கிளை திறப்பதல்ல, இந்தப் புள்ளிகளைக் கவனிப்பதுதான்.

இந்த வரைபடத்தின் இலக்கணம் கொஞ்சம் விசித்திரமானது. ஒன்றுமே நடக்காமல் இருப்பதுதான் இதில் நல்ல செய்தி. புள்ளிகள் சராசரிக்கு மேலும் கீழுமாகச் சிதறிக் கிடக்க வேண்டும். ஆறேழு நாள் வரிசையாக ஏறிக்கொண்டே போனால் ரீஏஜன்ட் கெட்டுக்கொண்டிருக்கலாம், மெஷினின் விளக்கு மங்கிக்கொண்டிருக்கலாம். நிறுத்து, பார் என்று அர்த்தம். 1981இல் வெஸ்ட்கார்டும் கூட்டாளிகளும் வகுத்த விதிகளில் ஒன்று: பத்துப் புள்ளிகள் அடுத்தடுத்து சராசரியின் ஒரே பக்கத்தில் விழுந்தால், எல்லைக்குள்ளேயே இருந்தாலும்கூட, ஏதோ தப்பு.

இப்போது பங்குச் சந்தைப் பக்கத்தைத் திருப்புங்கள். அங்கேயும் ஒரு கோடுதான். ஆனால் ஏறினால் கொண்டாட்டம், தட்டையாகக் கிடந்தால் தேக்கம். ஒரே லேப்பைப் பற்றிய இரண்டு கோடுகள் எதிரெதிர் இலக்கணத்தில் எழுதப்படுகின்றன. வணிகப் பத்திரிகையின் கதையாடலுக்கு ஏற்றம் வேண்டும், ஏறுகிற ஒரு நாயகன் வேண்டும். ஏறாமல் இருப்பதே வெற்றியாக இருக்கும் வேலையை அது எந்த வாக்கியத்தில் சொல்லும்?

தெரானோஸ் விவகாரத்தை இப்படித்தான் வாசிக்கிறேன். அமெரிக்காவில் எலிசபெத் ஹோம்ஸ் என்ற பெண் பத்தொன்பது வயதில் ஸ்டான்ஃபோர்ட் படிப்பை விட்டுவிட்டு, 2003இல் தொடங்கிய கம்பெனி. விரல் நுனியில் எடுத்த ஒன்றிரண்டு சொட்டு ரத்தத்தில் ஏகப்பட்ட பரிசோதனைகள் செய்ய முடியும் என்றது. 2013 செப்டம்பரில் வால்கிரீன்ஸ் மருந்துக் கடைக்குள் நுழைந்தது. 2014 ஜூனில் ஃபார்ச்சூன் இதழின் அட்டையில் கறுப்புச் சட்டையோடு ஹோம்ஸ். கம்பெனியின் மதிப்பு 900 கோடி டாலர் என்றார்கள். இயக்குநர் குழுவில் ஹென்றி கிஸ்ஸிஞ்சர், ஜார்ஜ் ஷுல்ட்ஸ். முன்னாள் வெளியுறவு மந்திரிகளுக்கும் சீரம் பொட்டாசியத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கத் தோன்றவில்லை. பெரிய பெயர்களே அங்கே கன்ட்ரோல் சீரமாக வேலை செய்தன.

உள்ளே நடந்தது வேறு. பெரும்பாலான பரிசோதனைகளைக் கடையில் வாங்கிய மற்ற கம்பெனிகளின் மெஷின்களில்தான் ஓட்டினார்கள். விரல் நுனி ரத்தம் அந்த மெஷின்களுக்குப் போதாது, நீர்க்கவைத்து ஓட்டினார்கள். நீர்க்கவைத்தால் வந்த விடையைத் திரும்பப் பெருக்க வேண்டும், பெருக்கும்போது பிழையும் சேர்ந்தே பெருகும். இது எந்த லேப் பையனுக்கும் தெரியும். 2015 பிப்ரவரியிலேயே ஜான் அயோனிடிஸ் ஒரு மருத்துவ ஆய்விதழில் கேட்டார்: சக ஆய்வாளர்கள் படித்துப் பார்த்த கட்டுரை ஒன்றுகூட இல்லாமல் இந்தப் புகழ் எங்கிருந்து வந்தது? நியூயார்க்கர் இதழில் கென் அவ்லெட்டா 2014 டிசம்பரில் எழுதிய கட்டுரையில், தன் கருவி வேலை செய்யும் விதம் பற்றி ஹோம்ஸ் தந்த விளக்கம் சிரிப்பு வருமளவு மொட்டையாக இருந்தது என்று ஒரு வரி வருகிறது. மிசூரி மாநிலத்து நோய்க்குறியியல் மருத்துவர் ஒருவர் அதைப் படித்துவிட்டு வால் ஸ்ட்ரீட் ஜர்னலின் ஜான் கேரிரூவுக்குச் சொன்னார். லேப்புக்கு உள்ளிருந்து பேசியவர்களில் ஷுல்ட்ஸின் பேரனே ஒருவர். கன்ட்ரோல்கள் எல்லை தாண்டுவதையும், ஒத்துவராத எண்கள் கணக்கிலிருந்து விலக்கப்படுவதையும் அவர் கண்டிருந்தார். 2015 அக்டோபரில் செய்தி வெளியானது.

பத்திரிகையாளர்கள் முட்டாள்கள் என்று சொல்லவரவில்லை. ஃபார்ச்சூனில் எழுதிய ரோஜர் பார்லாஃப் 2015 டிசம்பரில் தான் தவறாக வழிநடத்தப்பட்டதை விரிவாக எழுதித் திருத்தினார். அந்த நேர்மை அபூர்வம். அவர் கேள்வி கேட்கத்தான் செய்தார். ஆனால் அந்த வகை எழுத்தில் பதில் சொல்லும் அதிகாரம் நிறுவனருக்குப் போய்விடுகிறது. காலையில் கன்ட்ரோல் ஓட்டுகிறவர் அங்கே ஒரு பாத்திரமே இல்லை.

இப்படித்தான் எழுத முடியும் என்ற விதி ஒன்றுமில்லை. இதே வால் ஸ்ட்ரீட் ஜர்னலில் 1987இல் வால்ட் பக்டானிச் அமெரிக்க மருத்துவ லேப்களைப் பற்றி ஒரு தொடர் எழுதினார். 1988இல் அதற்குப் புலிட்சர் பரிசு கிடைத்தது. கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கான பாப் ஸ்மியர் ஸ்லைடுகளைப் பார்க்கிறவர்களுக்கு ஸ்லைடுக்கு இவ்வளவு என்று கூலி. நாளெல்லாம் மைக்ரோஸ்கோப்பில் குனிந்து எண்ணிக்கையைக் கூட்டினார்கள். புற்றுநோய் செல்கள் கண்ணுக்குத் தப்பின, பெண்கள் செத்தார்கள். 1988லேயே அமெரிக்கக் காங்கிரஸ் லேப் ஒழுங்குச் சட்டத்தைத் திருத்தியது. அதன் கீழ் வந்த விதிப்படி ஒருவர் 24 மணி நேரத்தில் 100 ஸ்லைடுக்கு மேல் பார்க்கக் கூடாது. பக்டானிச் எழுதியதும் வணிக நாளேட்டில்தான். அவர் கேட்டது ஸ்லைடு பார்ப்பவருக்கு என்ன கூலி என்று. 2014இல் எல்லோரும் கேட்டது டெஸ்ட் எவ்வளவு மலிவு என்று. கொலஸ்ட்ரால் 2.99 டாலர் என்ற விலைப்பட்டியலே செய்தியாகிவிட்டது.

லேப் தொழிலுக்கென்றே தனிப் பத்திரிகைகளும் உண்டு. ராபர்ட் மிஷெல் 1995இல் தொடங்கிய டார்க் ரிப்போர்ட் அப்படி ஒன்று. சந்தா கட்டிய லேப் நிர்வாகிகள் படிப்பது. நுணுக்கம் அங்கே இருக்கிறது, ஆனால் ரத்தம் கொடுக்கிறவர் அதன் வாசகர் இல்லை.

நம் பக்கத்துக்கு வந்தால், கோவைக்குப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்த வேலுமணி 1996இல் மும்பையில் தொடங்கிய தைரோகேர். 2021 ஜூனில் அதன் 66.1 சதவீதப் பங்குகளை, பங்கு 1300 ரூபாய் வீதம், ஏறத்தாழ 4546 கோடிக்கு ஃபார்ம்ஈசியின் தாய் நிறுவனம் வாங்குவதாக அறிவிப்பு வந்தது. ஏழைக் குடும்பத்திலிருந்து எழுந்த கதை நம் பத்திரிகைகளில் திரும்பத் திரும்ப வந்தது. அந்தக் கதையில் பொய் இல்லை, எனக்கும் பெருமைதான். ஆனால் இந்தியாவில் ஒரு லேப் என்.ஏ.பி.எல். அங்கீகாரம் பெறுவது அதன் விருப்பத்தைப் பொறுத்தது என்ற ஒரு வரியை அந்தக் கட்டுரைகளோடு சேர்த்துப் படித்ததாக எனக்கு நினைவில்லை.

எண்ணும் ஒரு குறிதான், அதற்கு வெளியே உண்மை என்று ஒன்றில்லை என்று நம் கோட்பாட்டு நண்பர்கள் சொல்லக்கூடும். பாதி ஒப்புக்கொள்கிறேன். மீதிப் பாதிக்கு ஒரு சின்ன தகவல்: 2016 ஜனவரியில் அமெரிக்க ஒழுங்குமுறை அமைப்பு தெரானோஸின் கலிஃபோர்னியா லேப்பால் நோயாளிகளுக்கு உடனடி ஆபத்து என்று எழுதியதற்குக் காரணம், ரத்தம் உறையும் நேரத்தைப் பார்க்கும் பரிசோதனை. வார்ஃபரின் மாத்திரையின் அளவை டாக்டர் அந்த எண்ணைப் பார்த்துத்தான் தீர்மானிக்கிறார். கூடினால் உள்ளே ரத்தம் கசியும், குறைந்தால் கட்டி அடைக்கும். அந்த வருஷம் தெரானோஸ், தன் சொந்தக் கருவியான எடிசனில் 2014இலும் 2015இலும் வந்த எல்லா முடிவுகளையும் தானே ரத்து செய்தது. 2022 நவம்பரில் ஹோம்ஸுக்குக் கிடைத்த பதினொன்றேகால் வருஷ தண்டனை முதலீட்டாளர்களை ஏமாற்றியதற்காக. நோயாளிகளை ஏமாற்றியதான குற்றச்சாட்டுகளில் அவர் குற்றவாளி அல்ல என்று ஜூரிகள் முடிவு செய்திருந்தார்கள்.

ஒப்புக்கொள்ளும் அந்தப் பாதிக்கும் காரணம் சொல்லிவிடுகிறேன். அந்த இளைஞர் வந்த அன்று காலை பொட்டாசியம் கன்ட்ரோல் எல்லைக்கு வெளியே விழுந்தது. மெஷினை நிறுத்தவா என்று முதலாளியைக் கேட்டேன். "பத்திரிகைக்காரங்க வர்ற நேரத்துலயாப்பா? இன்னொரு தடவை ஓட்டு" என்றார். இரண்டாவதும் வெளியே. மூன்றாவது எல்லைக்குள் வந்தது. மூன்றாவதை மட்டும் தாளில் வைத்தேன். அவர் விரலால் தொட்டு "இது என்ன சார்?" என்று கேட்ட சார்ட்டில், மை காயாத அந்தப் புள்ளியும் இருந்தது. நானும் ஒரு பிரதியைத் திருத்தி எழுதியவன்தான். 'இதில் வைக்காமல் விட்ட புள்ளிகள் உண்டா' என்று அவர் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேனோ தெரியாது.

அன்றைக்குப் பொட்டாசியம் கேட்டு வந்த சாம்பிள்கள் பதினான்கு. பதினான்குக்கும் சாயங்காலம் ஆறு மணிக்குள் ரிப்போர்ட் போனது. இரண்டு வாரம் கழித்து வந்த கட்டுரையை முதலாளி சட்டம் போட்டு ரிசப்ஷனில் மாட்டினார். நான் வேலையை விட்டு வரும்போதும் அது அங்கேதான் இருந்தது.