எலிக்கு அடைப்பைக் குறைத்த பிபி மாத்திரை... நாமும் மாத்திரையை மாத்தணுமா?

பழவேற்காட்டில் ‘பாடு’ முறை வரும் நாளில், வலையோடு ஏரிக்குக் கிளம்பும் அவசரத்தில் எளிதாக மறந்துபோகும் பொருள் ஒன்று உண்டு. பிபி மாத்திரை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே மாத்திரை வருகிறது. போடுவதும் மறப்பதும் நம்ம கையில்தான்.

இந்த நேரத்தில் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி: “எலிகளின் ரத்தக்குழாய் அடைப்பைக் குறைத்தது லோசார்டன்.” அப்போ நம்ம ஆம்லோடிபின் வேஸ்ட்டா?

முதலில் அந்த எலி யாருன்னு பார்ப்போம். சாதாரண சுண்டெலிக்கு ரத்தக்குழாயில் லேசில் கொழுப்பு படியாது. அதனால் 1992இல் அமெரிக்க ஆய்வாளர்கள், ‘அப்போ-ஈ’ என்ற மரபணுவை நீக்கிய சுண்டெலியை உருவாக்கினார்கள். இதற்குக் கொலஸ்ட்ரால் எகிறும், சில மாதங்களிலேயே கொழுப்பு படியும். ரத்தக்குழாயைச் சுருக்கும் ‘ஆஞ்சியோடென்சின் 2’ ஹார்மோனையும் உடம்பில் செலுத்தினால் நோய் இன்னும் வேகமாகும். லோசார்டன் தடுப்பது அந்த ஹார்மோனின் வேலையைத்தான். ஆகவே அடைப்பு குறைந்ததில் பெரிய ஆச்சரியம் இல்லை. சில சோதனைகளில் ஹைட்ராலசின் என்ற வேறு மருந்து பிபியைக் குறைத்தும் படிவு குறையவில்லை. ‘இந்த ஹார்மோனைத் தடுத்தால் தனி லாபம்’ என்ற நம்பிக்கை வளர்ந்தது இப்படித்தான்.

மனிதர்களிடம் கதை வேறு. 2002இல் வெளியான ‘ஆல்ஹாட்’ ஆய்வில் 33,357 பேர். ஆம்லோடிபின், லிசினோப்ரில் (இதுவும் அந்த ஹார்மோன் பாதையைத் தடுப்பதுதான்), குளோர்தாலிடோன் என்ற நீர் மாத்திரை மூன்றையும் ஒப்பிட்டார்கள். மாரடைப்பிலும் இதயநோய் மரணத்திலும் மூன்றுக்கும் வித்தியாசம் இல்லை. இதயச் செயலிழப்பைத் தடுப்பதில் பழைய, மலிவான நீர் மாத்திரை முந்தியது!

எலிக்கு மாதக்கணக்கில் வரும் நோய், நமக்குப் பல பத்தாண்டுகளில் பீடி, சர்க்கரை, உப்பு எல்லாம் சேர்ந்து வருவது. எந்த மாத்திரை என்பதைவிட, பிபி குறைந்து அப்படியே நிற்கிறதா என்பதுதான் பெரிய கேள்வி. சர்க்கரையோடு சிறுநீரகப் பாதிப்பும் இருந்தால் லோசார்டன் வகைக்குத் தனி இடம் உண்டு. அதை டாக்டர் முடிவு செய்வார்.

மீனவக் குப்பங்களில் எலியைவிட முக்கியமான விஷயங்கள் இரண்டு. ஒன்று, கருவாட்டு உப்பு. இன்னொன்று, வலை இழுத்த உடம்பு வலிக்குக் கடையில் வாங்கிப் போடும் டைக்ளோஃபெனாக் போன்ற மாத்திரை. அது பிபியை ஏற்றும். லோசார்டன், நீர் மாத்திரை இரண்டோடும் சேர்ந்தால் சிறுநீரகத்தையே பதம் பார்க்கும், அதுவும் தண்ணீர் குடிக்காமல் வெயிலில் நிற்பவருக்கு.

காலையில் மாத்திரையை மறந்துட்டீங்களா? அன்றைக்கே ஞாபகம் வந்ததும் போடலாம். மறுநாள்தான் ஞாபகம் வந்ததென்றால், சேர்த்து இரண்டாகப் போட வேண்டாம்.